நம் நிலத்து மரத்தை வெட்ட யாரைக் கேட்க வேண்டும்?

தேக்கு வைத்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்கும் விவசாயி, விற்கும் நேரத்தில்தான் முதன்முறையாகச் சட்டத்தின் முகத்தைப் பார்க்கிறார். வியாபாரி வருகிறார், சுற்றளவு எடுக்கிறார், கன அடிக் கணக்கில் விலை பேசுகிறார். "பெர்மிட் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, அதற்காக விலையில் ஒரு பங்கைக் குறைக்கிறார். அந்தப் பெர்மிட் எதற்கு, அது இந்த மரத்துக்குத் தேவைதானா என்று தெரிந்தவர் அந்தப் பங்கை இழக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கென்று ஒரே ஒரு சட்டம் கிடையாது. மரம் எங்கே நிற்கிறது, அது என்ன மரம், வெட்டிய பின் எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே விடை தேட வேண்டும். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். நாட்டின் பல மாநிலங்களில் நடப்பில் உள்ள 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இங்கே பொருந்தாது. நமக்கு 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம்தான். 2017இல் மத்திய அரசு மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கியபோது, நாடு முழுவதும் மூங்கிலுக்கு விடுதலை என்று செய்திகள் வந்தன. திருத்தப்பட்டது 1927ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் செய்தியை மட்டும் நம்பி இங்கே லாரி ஏற்றக் கூடாது.

முதல் கேள்வி இடம் பற்றியது. சமவெளியில், சாதாரணப் பட்டா நிலத்தில், நீங்களே நட்டு வளர்த்த மரத்துக்குச் சிக்கல் குறைவு. மலைக்குப் போனால் கதை வேறு. 1955ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற அறிவிக்கை செய்யப்பட்ட மலைப் பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தைக்கூட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலங்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. அங்கே மரத்தை வெட்டுவது மட்டுமல்ல, நிலத்தை விற்பதற்கே அனுமதி வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 12ஆம் தேதி உத்தரவு நிற்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்த்த கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் தொடுத்த வழக்கு அது. கூடலூரில் தொடங்கியது கடைசியில் நாட்டின் எல்லாக் காடுகளையும் தொட்டுவிட்டது. காடு என்பதற்கு அகராதி தரும் பொருளே போதும், உடைமையாளர் யார் என்பது பொருட்டல்ல என்றது நீதிமன்றம். தமிழ்நாட்டுக்கென்று தனிப் பத்தியும் அதில் உண்டு. வனப்பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை; ஆனால் தானாக முளைக்காமல் நட்டு வளர்க்கப்பட்டு, முன்பு காடாக இருந்திராத நிலத்தில் நிற்கும் மரங்களுக்குத் தடை இல்லை. ஆகவே 'நட்டதா, தானாக முளைத்ததா' என்று வனச்சரகர் கேட்டால் அது வம்புக்கான கேள்வி அல்ல. நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், மரங்களைக் குறித்து வைத்துக்கொண்டவருக்கு இந்த இடத்தில் பதில் சொல்வது எளிது. நாற்று வாங்கிய ரசீதும் உதவும்.

வரப்போரம், சாலையோரம் நிற்கும் மரங்களில் கவனம் தேவை. புறம்போக்கில் நிற்கும் புளிய மரத்துக்கும் மாமரத்துக்கும் 2-சி பட்டா என்ற மரப் பட்டா வைத்திருப்பவர்கள், அது மரத்தையே சொந்தமாக்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது பலனை அனுபவிக்கும் உரிமைதான். கோடாரி போடும் உரிமை அதில் இல்லை.

அடுத்து, என்ன மரம்? சவுக்கும் தைலமரமும் பண்ணைப் பயிர் போல ஆகிவிட்டன. காகித ஆலைகளுக்குத் தினமும் லாரி லாரியாகப் போகின்றன. பனை அப்படியல்ல. மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021இல் அரசு அறிவித்தது. செங்கல் சூளைக்குப் பனையைக் கொடுத்துப் பழகிய ஊர்களில் இது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. செம்மரத்தை வளர்க்கத் தடையில்லை. ஆனால் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மரம் அது. நர்சரிக்காரர் சொல்லும் கோடிக் கணக்கை நம்பி நடுவதற்கு முன் விற்கும் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தனத்தைப் பற்றிய பயம்தான் இன்னும் தீரவில்லை. 'வீட்டில் சந்தனம் முளைத்தால் போலீஸ் வரும்' என்று பெரியவர்கள் பிடுங்கிப்போட்ட காலம் உண்டு. 2002இல் சட்டம் திருத்தப்பட்ட பின் பட்டா நிலத்துச் சந்தன மரம் வளர்த்தவருக்கே சொந்தம். 2008இல் இதற்கென்று தனி விதிகளும் வந்தன. ஆனாலும் நீங்களே வெட்டி, நீங்களே விற்க முடியாது. மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பித்து, வனத்துறை வழியாகத்தான் வெட்ட வேண்டும். கட்டை அரசுக் கிடங்குக்குப் போகும்; செலவைக் கழித்த பணம் உங்களுக்கு வரும். திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களில் அந்தக் கிடங்குகள் இருக்கின்றன. மரம் திருட்டுப் போனால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் அன்றே காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள். கட்டை வேறெங்காவது பிடிபடும்போது உங்கள் பக்கம் நிற்கப்போவது அந்தப் புகார்தான்.

மூன்றாவது, போக்குவரத்து. மரம் வெட்டுவது சட்டப்படி சரியாகவே இருந்தாலும், அதை ஏற்றிச் செல்ல வேறு அனுமதி வேண்டும். 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் இதற்கானவை. விலக்குப் பெற்ற மரங்கள் நீங்கலாக, தேக்கு போன்ற மரங்களை ஏற்றிய லாரி சோதனைச்சாவடியில் நிற்கும்போது வனத்துறைப் பெர்மிட் கையில் இருக்க வேண்டும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், மரங்கள் இன்னாருடையவை என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வேலை தடைப்படுவது வனச்சட்டத்தால் என்று நினைப்போம். பார்த்தால் வருவாய்த்துறைக் காகிதத்தால் இருக்கும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் மரத்துக்கு ஒரே பெர்மிட் என்ற நோக்கத்தோடு 2023 டிசம்பர் 29 அன்று மத்திய அரசு தேசிய இணையவழி முறையைத் தொடங்கியது. அதில் கிடைக்கும் அனுமதியில் க்யூ.ஆர். குறியீடு இருக்கும். கட்டுப்பாடுள்ள மரத்துக்கு வனத்துறை அனுமதி தரும். விலக்குப் பெற்ற மரத்துக்கு விண்ணப்பதாரரே தடையில்லாச் சான்றை எடுத்துக்கொள்ளலாம்.

மரம் போய்ச் சேரும் அறுவை மில்லுக்கும் உரிமம் வேண்டும். 1996 உத்தரவுக்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு இறுகியது. 2016இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வந்தன. மாநில அளவிலான குழுதான் உரிமத்தை முடிவு செய்கிறது. மர வணிகர் சங்கங்களும் மில் உரிமையாளர் சங்கங்களும் அரசிடம் பேசும் முதன்மையான விஷயங்களில் இந்த உரிமமும் ஒன்று. உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் மில்காரர் பெர்மிட் இல்லாத கட்டையை வாங்க மாட்டார். வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தரும் விலை ஏன் குறைவு என்று விளங்கிக்கொள்ளலாம்.

வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்த பிறகு வியாபாரியை அழையுங்கள், முன்பணம் வாங்கிவிட்டுப் போகாதீர்கள். பெர்மிட் யார் பெயரில், யார் செலவில், எத்தனை நாளில், கிடைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்ற நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.