மருந்தடித்த வயலில் அறக்கொட்டியான் ஏன் பெருகுகிறது?

மார்கழி, தை மாதங்களில் தம்பலகாமத்திலோ மூதூரிலோ பெரும்போக வேளாண்மை குடலைக்கு வரும் நேரம், பச்சை வயலின் நடுவே ஓரிடம் மட்டும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மஞ்சளாகும். சில நாளில் அது வைக்கோல் நிறமாகி, வட்டமாக விரியும். இலையைப் பிடித்துப் பார்த்தால் ஒரு பூச்சியும் தென்படாது.

குனிந்து தூரை விரித்தால்தான் தெரியும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியில் பாதியளவுப் பூச்சிகள் கபில நிறத்தில் நெருக்கியடித்து நிற்கும். தண்டைத் தட்டினால் பக்கவாட்டில் நகர்ந்து மறுபுறம் ஒளியும். தண்ணீரில் விழுந்ததும் மூழ்காது. துள்ளித் திரும்பவும் தண்டில் ஏறிவிடும். விவசாயத் திணைக்களம் கபில நிறத் தத்தி என்று எழுதுவதும், நம் கமக்காரர் அறக்கொட்டியான் என்பதும், தமிழ்நாட்டார் புகையான் என்பதும் இதைத்தான்.

இது இலையைக் கடிப்பதில்லை. ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செலுத்தி, இலையில் தயாராகும் சீனிச்சாறு கீழே இறங்கும் உரியக் குழாயைத் தேடிப் பிடிக்கிறது. அந்தச் சாற்றில் சீனி அதிகம், பூச்சியின் உடல் வளரத் தேவையான அமினோ அமிலம் குறைவு. ஆகவே நிறையக் குடித்து, மிச்சச் சீனியைப் பிசுபிசுப்பான துளிகளாகக் கழிக்கிறது. தூரடியில் கரும்பூஞ்சணம் படிவது அந்தத் துளிகளின் மேல்தான். யூரியாவை அளவுக்கு மீறி வீசிய வயலில் சாற்றில் அமினோ அமிலம் கூடும், முட்டையும் கூடும். ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே இடத்தில் உறிஞ்சும்போது வேருக்குச் சாப்பாடு போவது நின்று பயிர் காய்கிறது.

தண்டுக்குள் நடக்கும் இதை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டார்கள் என்பது தனிச் சுவாரசியம். பூச்சியின் முதுகில் தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை வெள்ளிப் பசையால் ஒட்டி, செடிக்கு மிகச் சிறிய மின்னழுத்தம் கொடுப்பார்கள். வாய் தண்டுக்குள் போனதும் மின்சுற்று பூர்த்தியாகும். ஊசி எந்த இழையத்தில் நிற்கிறது என்பதற்கேற்ப அலையின் வடிவம் மாறும். இப்படிப் பார்த்தபோது, இந்தப் பூச்சியைத் தாங்கும் எதிர்ப்புள்ள நெல் இனத்திலும் பூச்சி குழாயைக் கண்டுபிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் நின்று குடிக்க முடிவதில்லை என்று தெரிந்தது. செடி கலோஸ் என்ற பொருளைச் சுரந்து குழாயை அடைத்துவிடுகிறது. எதிர்ப்பில்லாத நெல்லும் அடைக்கப் பார்க்கும். அந்த அடைப்பு நிலைக்காமல் கரைந்துபோகும்.

இனி மருந்து விடயத்துக்கு வருவோம். பெண் தத்தி சில நூறு முட்டைகளை இலைமடலைக் கீறி உள்ளே சொருகி வைக்கும். மேலே தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. அடர்த்தியாக விதைத்த வயலில் மருந்து தூர்வரைகூட இறங்குவதில்லை. ஆனால் மேலும் கீழும் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்திகள் மருந்தில் நேரடியாக அகப்படும். இலைமடலில் ஒளித்த முட்டையைத் தேடி ஊசி ஏற்றிக் குடிக்கும் மெலிந்த பச்சை மூட்டுப்பூச்சியும் அப்படியே. ஒரு வாரம், பத்து நாளில் முட்டைகள் பொரிக்கும்போது குஞ்சைத் தின்ன வயலில் யாருமில்லை. போதாக்குறைக்கு, டெல்டாமெத்ரின் போன்ற சில மருந்துகள் சாகாத அளவில் பட்டால் தத்தியின் முட்டை எண்ணிக்கையையே கூட்டுவதாக 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுகள் காட்டின. கடையில் 'இன்னும் பவரான' மருந்து கேட்பவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இந்தோனேசியா இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் படித்தது. அங்கே 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிநாசினிகளை ஜனாதிபதி உத்தரவு போட்டுத் தடைசெய்தார்கள்.

தத்திக்கு இன்னொரு வித்தை உண்டு. ஒரே தாயின் பிள்ளைகளில் சிலதுக்கு நீண்ட செட்டை, சிலதுக்குக் குட்டைச் செட்டை. குட்டைச் செட்டைப் பெண் பறக்காது. அந்தச் சக்தியை முட்டையில் போடும். நெருக்கம் கூடி, பயிர் முற்றத் தொடங்கினால் நீண்ட செட்டைகள் பெருகி அடுத்த வயலுக்குக் கிளம்பும். 1967இல் ஜப்பானுக்குத் தெற்கே நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலிலேயே கூட்டமாக வந்து இறங்கியிருக்கின்றன. எந்தச் செட்டை வளர்வது என்பதை இரண்டு இன்சுலின் ஏற்பிகள் (இன்சுலின் தரும் செய்தியை வாங்கும் புரதங்கள்) தீர்மானிக்கின்றன என்று 2015இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்: ஒன்று நீளச் செட்டைக்கு வழிவிடும், மற்றது தடுக்கும்.

எதிர்ப்பு இனம் விதைத்தால் தீராதா? பிலிப்பைன்சில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் ஐ.ஆர். 26 என்ற எதிர்ப்பு இனத்தை வெளியிட்டது. இரண்டு மூன்று வருடத்தில் அதையும் குடிக்கப் பழகிய தத்திகள் வந்துவிட்டன. அதன் எதிர்ப்பு ஒரே மரபணுவில் நின்றது. நம் நாட்டுப் பாரம்பரிய நெல்லான ரத்து ஹீனட்டி மட்டும் பல தசாப்தங்களாகப் பல நாட்டுத் தத்திகளுக்கும் ஈடுகொடுத்தது. அதன் எதிர்ப்புக்குக் காரணமான மூன்று மரபணுக்கள் அருகருகே கொத்தாக இருப்பதை 2015இல் பிரித்தெடுத்தார்கள். நம் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பீ.ஜீ. 379-2 இனத்துக்கு எதிர்ப்பு வந்தது கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 நெல்லிலிருந்து. எந்த இனமானாலும் ஒரே இனத்தையே மாவட்டம் முழுக்கப் போகம் போகமாக விதைப்பது தத்திக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை.

வயலில் செய்யக்கூடியது ஆரம்பத்திலேயே இருக்கிறது. விதைத்த முதல் நாற்பது நாளில் இலைசுருட்டிப் புழுவைக் கண்டதும் மருந்தடிக்கிற பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அந்த வயதில் இழந்த இலையைப் பயிர் மட்டம் வெடித்து ஈடுசெய்துவிடும். செத்த சிலந்தி அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. வியட்நாமின் மீகாங் படுகையில் 1990களில், முதல் நாற்பது நாள் மருந்தைத் தவிர்க்கும்படி வானொலி மூலம் பிரசாரம் செய்தபோது, மருந்தடிக்கும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகின.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவையாவது வரவைக்குள் இறங்கி, பல இடங்களில் தூரைத் தட்டிப் பார்க்க வேண்டும். குட்டைச் செட்டைப் பெண்கள் கூடியிருந்தால் முதலில் வக்கடையைத் திறந்து சில நாளுக்குத் தண்ணீரை வடிய விடுங்கள். தூரடியின் ஈரப்பதம் குறைந்தால் அவற்றுக்கு வசதி குறையும். அதற்கும் அடங்காவிட்டால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை, விசிறிக் குழாயைத் தாழ்த்தித் தூரில் படும்படி, பாதித்த திட்டிலும் அதன் ஓரத்திலும் மட்டும் அடித்தால் போதும்.