செலக்டர்: தமிழில் தேர்வி

ஒரு வலைப்பக்கத்தில் எந்தெந்த உறுப்புகள் வேண்டும் என்பதை அவற்றின் குறிச்சொல், பெயர், வகை, நிலை ஆகியவற்றால் உலாவிக்கு உணர்த்தும் சிறு தொடரே செலக்டர். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் 1996இல் வெளியான முதல் பதிப்பில் இருந்த இச்சொல்லை, 2006இல் வந்த ஜேக்குவெரி என்ற நிரல் தொகுப்பு, வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோரின் அன்றாடச் சொல்லாக்கியது.

இலத்தீனில் 'சே' என்றால் தனியே, 'லெகெரே' என்றால் பொறுக்குதல். குவியலிலிருந்து பொறுக்கித் தனியே வைத்தல் என்பதே மூலப்பொருள். வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இது புதிதன்று. ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்கூடங்களில் தோலை விரித்து, வடுவும் ஓட்டையும் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலைக்குச் செலக்‌ஷன் என்றே பெயர்.

இந்த ஆராயும் பொருளைத் தாங்கும் தமிழ் வேர் 'தேர்'. 'தேறற்க யாரையும் தேராது' என்னும் குறளில் (509) தேர்தல் என்பது ஆராய்தலே. உலாவி, செயலி என்பவற்றைப் போல இகர ஈறு பெற்ற 'தேர்வி' என்ற சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். 'தெரிவி' என்றால் அறிவி என்று பொருள்பட்டுவிடும். 'தேர்வாளர்' என்பதோ கிரிக்கெட் அணிக்கு ஆளெடுப்போரைக் குறிக்கும்.

தேர்வி சுருக்கமாக இருப்பது நல்லது. ஆனால் ஆராய வேண்டியதை விட்டுவிட்டுச் சுருங்கக் கூடாது. வேலூர்ச் சத்துவாச்சாரியில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஊர்ப்பட்டியலும் அதன்கீழ் டிக் செய்யும் கட்டங்களும் கொண்ட படிவம் ஒன்றை அமைத்தாள். டிக் செய்தவற்றை எண்ணுவதற்கு, தேர்விக்குப் பொருந்தும் உறுப்புகளையெல்லாம் திரட்டும் குவெரிசெலக்டர்ஆல் கட்டளைக்குள் முக்காற்புள்ளி வைத்துச் 'செக்டு' (தேர்வான நிலை) என்று மட்டும் எழுதியிருந்தாள். மூன்று கட்டங்களில் டிக் இருக்க, விடை நான்கு என்று வந்தது. ஊர்ப்பட்டியலில் தானாகவே தேர்வாகி நின்ற 'காட்பாடி'யும் அந்தத் தேர்வியின் கணக்கில் செக்டு நிலைதான் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. முன்னால், கட்டங்களின் குறிச்சொல்லான 'இன்புட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் கணக்கு மூன்றாகச் சரியாயிற்று. படிவத்தில், பலவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் ரேடியோ பொத்தான்களும் இருந்திருந்தால் அதுவும் போதாது, அவையும் 'இன்புட்' உறுப்புகளே; வகை 'செக்பாக்ஸ்' என்பதையும் சதுர அடைப்புக்குள் குறித்தாக வேண்டும். அப்படிக் குறித்தபின் 'இன்புட்' என்ற சொல்லையே தாராளமாக நீக்கிவிடலாம்.