ஈஸ்ட் தொற்று: ‘நொதி’ வேண்டாம், பூஞ்சை என்றே எழுதுவோம்

‘தொடர் நொதித் தொற்று எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தால் மருத்துவரை அணுகவும்.’ பெண்களுக்கான மருத்துவத் துண்டறிக்கை ஒன்றில் இப்படி ஒரு வரி. ஈஸ்ட் தொற்று திரும்பத் திரும்ப வந்து, மருந்துக்கும் கேட்காவிட்டால் என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல் என்று மாதக்கணக்கில் அவதிப்படும் பெண்ணின் கையில் கொடுக்கிற தாள் அது. அந்த வரியில் ‘நொதி’ தப்பு, ‘எதிர்ப்புச் சக்தி’ தப்பு, ‘தொடர்’ அரைகுறை. இதே சொற்களைக் கைப்பேசி மொழிபெயர்ப்பிலும், சுகாதாரக் காணொளிகளின் அடியில் ஓடும் வரிகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

சொல்லின் பிறப்பை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஈஸ்ட் என்பது பழைய ஆங்கிலச் சொல். கொதிப்பது, பொங்குவது என்ற பொருளுள்ள கிரேக்க, சமஸ்கிருத வேர்களுக்கு உறவு. மாவும் மதுவும் பொங்குவதைப் பார்த்து வைத்த பெயர். பின்னாளில்தான் அந்தப் பொங்கலுக்குக் காரணம் ஒரே செல்லாலான பூஞ்சை என்று தெரிந்தது. நோயைத் தருவது ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் அல்ல. பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் வேறொரு இனம். கேண்டிடா என்ற பேரினப் பெயரை 1923இல் கிறிஸ்டீன் பெர்கௌட் என்ற டச்சு ஆய்வாளர் வைத்தார். லத்தீனில் அதற்கு வெண்மை என்று பொருள், அல்பிகன்ஸ் என்றால் வெளுப்பது. பெயரிலேயே இரண்டு தடவை வெள்ளை.

இப்போது நொதிக்கு வருவோம். நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குவது. ஈஸ்ட் அதைச் செய்கிறது, ஆகவே ஈஸ்ட்டுக்கு நொதி என்று பெயர் வைக்கலாம் என்பது அப்படி எழுதுகிறவர்களின் வாதம். சொல்லாக்கம் என்று பார்த்தால் அதில் பெரிய குறை இல்லை. ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நொதி என்றால் என்சைம். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் ஒரு நொதி, இரைப்பையில் இருக்கும் பெப்சின் ஒரு நொதி. இலங்கைப் பாடநூல்களிலும் அதே பொருளில் நொதியம் என்று படிக்கிறார்கள். பள்ளியில் அறிவியல் படித்த எந்தப் பெண்ணும் ‘நொதித் தொற்று’ என்பதை செரிமானக் கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வாள். நொதி உயிரே இல்லாத ஒரு புரதம். அது யாருக்கும் தொற்றாது.

‘என்சைம் என்ற சொல்லே ஈஸ்ட்டிலிருந்து வந்ததுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1870களில் வில்ஹெல்ம் கூனே அந்தச் சொல்லை உருவாக்கியபோது ‘ஈஸ்ட்டுக்குள் இருப்பது’ என்ற பொருளில்தான் கிரேக்கத்திலிருந்து எடுத்தார். ஆனால் அவர் புதுச்சொல் தேடியதே, உயிருள்ள ஈஸ்ட்டையும் அதற்குள் வேலை செய்யும் பொருளையும் ஒரே சொல்லால் குறித்து எல்லாரும் குழம்பியதால்தான். அங்கே பிரித்து வைத்ததை நாம் திரும்பவும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதற்குப் பெயர் தனித்தமிழ்ப் பற்று அல்ல. எனக்கும் தனித்தமிழ் மேல் பற்று உண்டு. ஈஸ்ட் தொற்று என்று அப்படியே எழுதுவது எனக்கும் உவப்பில்லை. கேட்பவருக்கு அது ஒன்றையும் உணர்த்தாது. ஆனால் பொருள் மாறிப்போகும் தமிழைவிட, பொருள் தெரியாத ஆங்கிலம் குறைந்த கேடுதான். தெரியாத சொல்லைப் பார்த்தால் யாரிடமாவது கேட்போம். தெரிந்த சொல்லாக இருந்தால் தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடுவோம்.

அந்தத் தப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்றும் பார்க்க வேண்டும். நொதி, நொதித்தல், புளித்தல் என்று மனம் போய், ‘இட்லி மாவு புளிப்பதுபோல உடம்புக்குள் ஏதோ புளிக்கிறது’ என்று முடிவு கட்டி, தயிரையும் இட்லியையும் நிறுத்திவிடலாம். இட்லியோ தயிரோ இந்தத் தொற்றைக் கொண்டுவருவதில்லை. கவனிக்க வேண்டியவை வேறு: கட்டுப்படாத சர்க்கரை, அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், கர்ப்பம், ஸ்டீராய்டு. சர்க்கரைக்குத் தரும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைக்கு இடம் கொடுக்கின்றன. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பெண்தான் அங்கே தயிரை ஒதுக்கிக்கொண்டிருப்பாள்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? இலங்கையில் ஈஸ்ட்டுக்கு மதுவம் என்கிறார்கள். அழகான சொல், ரொட்டி மதுவத்துக்கு அதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘மதுவத் தொற்று’ என்று தமிழ்நாட்டில் சொன்னால் குடிப்பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நோயாளிக்கு அந்தக் களங்கம் எதற்கு? காளான் தொற்று என்றால் குடை விரித்து நிற்கும் காளான் கண்ணில் வருகிறது. வெண்பூஞ்சை என்பது கேண்டிடாவுக்கு நேர்ப்பெயர், எனக்குப் பிடித்த பெயரும்கூட. ஆனால் 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சைச் செய்திகளுக்குப் பின்னாலேயே ‘வெள்ளைப் பூஞ்சை’ என்று ஊடகங்கள் கிளப்பிய பீதி இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. அங்கே பேசப்பட்டதும் கேண்டிடாவேதான்; இருந்தும், நுரையீரல் நோயாகப் படித்த பெயரை அரிப்புக்கு வந்த பெண்ணிடம் சொன்னால் நடுங்கிப்போவாள்.

ஆகவே பூஞ்சைத் தொற்று போதும். ஊறுகாயில் பூசணம் பிடித்ததைப் பார்க்காத வீடு கிடையாது. பூஞ்சை உடம்பு என்றால் நோஞ்சான் என்றும் பொருள் உண்டுதான். அது இடத்தைப் பார்த்தே புரிந்துவிடும். எந்தப் பூஞ்சை என்று சொல்ல வேண்டிய இடத்தில் கேண்டிடா பூஞ்சைத் தொற்று என்று ஒருமுறை எழுதிவிட்டுப் போகலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் நாக்கில் பால் திரிந்ததுபோல் வெள்ளை படிந்தால் நம் பாட்டிமார் அக்கரம் என்பார்கள். அதைத் தருவதும் இதே கேண்டிடாதான். கைவசம் இந்தச் சொல் இருக்க, ‘வாய்வழி நொதித் தொற்று’ என்று எழுதுகிறவரை என்ன சொல்ல?

நொதிக்கு அடுத்து என் வருத்தம் ‘வெள்ளைப்படுதல்’ மேல். அது நோயின் பெயர் அல்ல. மாதச் சுழற்சியில் கருமுட்டை வெளிவரும் நாட்களில் எந்த நோயும் இல்லாமலே வெள்ளைப்படும். பூஞ்சையிலும் படும், பாக்டீரியாப் பெருக்கத்திலும் படும், ட்ரைகோமோனாஸ் ஒட்டுண்ணியாலும் படும். பூஞ்சை என்றால் அரிப்பு தாங்காது, தயிர்த் துணுக்குபோல் வரும், நாற்றம் பெரிதாக இருக்காது. பாக்டீரியா என்றால் மீன் வாடை அடிக்கும், பிறப்புறுப்பின் அமிலத்தன்மை குறைந்து பிஎச் 4.5க்கு மேல் போகும். பூஞ்சைக்குத் தரும் மருந்து மற்ற இரண்டுக்கும் வேலை செய்யாது. மூன்றையும் ‘வெள்ளை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் 150 மில்லிகிராம் மாத்திரையை மாதம் ஒன்று போட்டுவிட்டு, ‘எதற்குமே கேட்கவில்லை’ என்றால், அது முதலில் பூஞ்சைதானா என்றே தெரியாது. திரவத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வதும், வளர்த்துப் பார்த்து இனத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதும்தான் முதல் வேலை.

‘தொடர்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தொடர் தொற்று, நாள்பட்ட தொற்று என்றால் விடாமல் இருந்துகொண்டே இருப்பது. இங்கே சொல்ல வந்தது போய்ப் போய்த் திரும்புவது: ஓராண்டுக்குள் மூன்று முறை அல்லது அதற்கு மேல். சிலர் ‘மறுதொற்று’ என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். மறுதொற்று என்றால் வெளியிலிருந்து மறுபடி ஒட்டியது என்று பொருள். வீட்டில் உடனே ‘யாரிடமிருந்து?’ என்ற கேள்வி எழும். கேண்டிடா பாலுறவால் வரும் நோயாகக் கருதப்படுவதில்லை. எந்தத் தொந்தரவும் தராமல் பல பெண்களின் உடலிலேயே குடியிருப்பது. பல நேரம் அடங்கிக் கிடந்ததுதான் மறுபடி தலைதூக்குகிறது. ஒரு முன்னொட்டால் ஒரு குடும்பத்தில் சந்தேகத்தை விதைக்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. ‘திரும்பத் திரும்ப வரும்’ என்று எழுதினால் என்ன? நீளம்தான், இருக்கட்டும். சிகிச்சையும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது: மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று ஃபுளுகோனசோல் மாத்திரை, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம், மருத்துவரின் கண்காணிப்பில். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது. பூசும், உள்ளே வைக்கும் மருந்துகள்தான். ஆறு மாதம் முடித்து நிறுத்திய பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தன் சுத்தத்தில்தான் குறை என்று நினைத்து சோப்பு போட்டு உள்ளே கழுவத் தொடங்கி, புண்ணை இன்னும் பெரிதாக்கிக்கொள்வார்கள்.

‘எதிர்ப்புச் சக்தி’யைச் சாதாரணமாக நாம் சொல்வது உடம்புக்கு. அது நல்ல விஷயம், பெருக வேண்டியது. ‘தொற்று எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கிறது’ என்று படிப்பவர், தன் உடம்பு தேறிவிட்டது என்று மகிழ்ந்தால் அவர் மேல் பிழையில்லை. மக்கள் பேச்சிலேயே சரியான சொல் இருக்கிறது: மருந்துக்குக் கேட்கவில்லை. மருந்துக்குக் கேட்காத பூஞ்சை. கேண்டிடா குரூசி என்ற இனம் இயல்பாகவே ஃபுளுகோனசோலுக்குக் கேட்காது. கேண்டிடா கிளாப்ராட்டா என்ற இன்னொரு இனமும் பல நேரம் சரியாகக் கேட்பதில்லை. அந்தக் கிளாப்ராட்டாவை ஆய்வாளர்கள் கேண்டிடாவிலிருந்தே பிரித்து நாகசியோமைசிஸ் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், ஆய்வக அறிக்கையில் அந்தப் பெயர் வந்தால் மிரள வேண்டாம்.

கிளாப்ராட்டாவுக்கு மருத்துவர்கள் தரும் மருந்துகளில் ஒன்று 600 மில்லிகிராம் போரிக் அமிலக் குளிகை (கேப்ஸ்யூல்), மூன்று வாரம் தினமும். நான் பார்த்த ஒரு குறிப்பில் ‘தினமும் ஒரு குளிகை எடுத்துக்கொள்ளவும்’ என்று இருந்தது. தமிழில் மாத்திரை எடுத்துக்கொள்வது என்றால் விழுங்குவதுதான், வேறு பொருளே கிடையாது. போரிக் அமிலம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. ‘இரவு படுக்கும் முன் பிறப்புறுப்புக்குள் வைக்கவும், வாயில் போடக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.