சர்க்கரை நோயாளிக்குக் கொரோனா வந்துபோனால்: ரத்த அறிக்கையில் பார்க்க வேண்டியது

கொரோனாவிலிருந்து மீண்டவரின் ரத்த அறிக்கையில் பலரும் பார்ப்பது வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையைத்தான். 4,000-க்கும் 11,000-க்கும் இடையில் இருந்தால் அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மொத்தம் 9,000 இருந்து, அதில் லிம்போசைட் என்ற வகை வெள்ளணு 8 சதவீதம் என்றால், கணக்குப்படி அது 720. பெரியவர்களுக்குக் குறைந்தது 1,000 இருக்க வேண்டும். வைரஸால் பாதித்த செல்களை அழிக்கும் டி செல்கள் இந்த லிம்போசைட்டில்தான் அடக்கம்.

கொரோனா சிகிச்சையில் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டி நிற்கும் நியூட்ரோஃபில்களை (கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள்) அந்த மருந்து ஓட்டத்துக்குள் இறக்கிவிடுகிறது, எண்ணிக்கை ஏறுகிறது. லிம்போசைட்டும், இன்னொரு வகை வெள்ளணுவான ஈசினோஃபிலும் இறங்குகின்றன. மொத்தத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

இருக்கிற நியூட்ரோஃபில்களாவது ஒழுங்காக வேலை செய்கின்றனவா? விழுங்கிய கிருமியைக் கொல்லும் வேதிப்பொருளைத் தயாரிக்க அவற்றுக்கு என்.ஏ.டி.பி.ஹெச். என்ற மூலக்கூறு தேவை. ரத்தத்தில் குளுக்கோஸ் மிகுந்தால், அதைச் சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றுவதிலேயே அந்தக் கையிருப்பு செலவாகிறது. விழுங்கத் தெரிந்தும் கொல்ல வலுவில்லாத செல்கள்! இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமானால், புரதத்தோடு பிணைந்திருக்கும் இரும்பும் விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் கருப்புப் பூஞ்சையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கும் நிலை வந்ததற்குக் கொரோனா, சர்க்கரை, ஸ்டீராய்டு மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தது முக்கியக் காரணம்.

ஆக்சிஜன் தேவைப்படாத கொரோனா நோயாளிக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தரவில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020-லேயே காட்டிவிட்டது. தேவைப்பட்டவர்களுக்கும் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள்தான். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி வாங்குவது ஆபத்து.

நுரையீரலுக்காகக் காலையில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். அது 110 காட்டும். மதியத்துக்கு மேல் 300-ஐத் தொடும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். தொடர்ந்து 180-ஐத் தாண்டினால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். 250-க்கு மேல் போய் வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் அன்றே கீட்டோன் பரிசோதனை தேவை. ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினையும் மருத்துவர் சொல்படி குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். 3 வாரத்துக்கு மேல் எடுத்த ஸ்டீராய்டைத் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று லேகியம் வாங்குகிறவர்கள் அதிலுள்ள வெல்லத்தையும் தேனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொரோனாவின்போது முதன்முதலாகச் சர்க்கரை ஏறியவர்கள் 3 மாதம் கழித்து ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். இடையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த அளவை நம்ப முடியாது.

கருப்புப் பூஞ்சையின் அறிகுறிகளையும் கவனியுங்கள். ஒருபக்க முகவலி, கன்னத்தில் மரத்துப்போதல், மூக்கில் கருப்பாக வடிதல், பல் ஆட்டம், இரட்டைப் பார்வை: இவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றே போய்விடுங்கள். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் அதைக் கொரோனாவின் மிச்சம் என்று விட்டுவிடாமல், சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.