அனிச்சை அல்ல, தெறிவினை

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. அனிச்சைச் செயலுக்கு எடுத்துக்காட்டாக 'இதயத் துடிப்பு' என்று எழுதி, அதற்கு முட்டை வாங்கி வந்தாள். "இச்சை இல்லாம நடக்குறதுதானே மாமா அனிச்சை? இதயம் என்னைக் கேட்டுட்டா துடிக்குது?" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? சொல் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறது.

நாம் அனிச்சை என்பதற்கு ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்ஸ். அது லத்தீன் வழி வந்த சொல். பின்னோக்கி வளைதல் என்று பொருள். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வேர்தான். அனிச்சை வடமொழி: அன் + இச்சை. (மோந்தால் குழையும் அனிச்சப் பூவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

வடமொழி என்பதல்ல என் குறை. 'விருப்பமின்றி' என்பது இல்லாத ஒன்றைச் சொல்கிறது, நடப்பதைச் சொல்லவில்லை. மாற்றிப் பொருத்திய இதயம் நரம்புத் தொடர்பு அறுந்த நிலையிலும் துடிக்கிறது. அதுவும் இச்சையில்லாததுதான், ஆனால் ரிஃப்ளெக்ஸ் அல்ல. முழங்கால் சில்லுக்குக் கீழே மருத்துவர் சுத்தியலால் தட்டும்போது நடப்பது வேறு. தொடைத் தசை இழுபடுகிறது, செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது, அங்கே ஒரே ஒரு நரம்புச் சந்திப்பைத் தாண்டித் தசைக்கே திரும்புகிறது, கால் உதைக்கிறது. போன செய்தி செயலாகத் திரும்புவதுதான் இதன் உயிர்.

இலங்கைப் பாடநூல்கள் இதைத் தெறிவினை என்கின்றன. ஒளி திரும்புவதும் அங்கே ஒளித்தெறிப்பு. ஒரே வேரை இரண்டு இடத்திலும் காப்பாற்றியிருக்கிறார்கள்! நாமோ ஒன்றை எதிரொளிப்பு என்றும் மற்றதை அனிச்சை என்றும் பிரித்துவிட்டோம்.

கண்ணில் டார்ச் அடிப்பதைப் பாருங்கள். வலக்கண்ணில் அடித்தால் இரண்டு கண்ணின் பாவையும் (நடுவிலுள்ள கறுப்புத் துளை) சுருங்க வேண்டும். ஒளிச் செய்தி போவது 2-ஆம் மூளை நரம்பு வழியே, சுருங்கச் சொல்லும் கட்டளை திரும்புவது 3-ஆம் நரம்பு வழியே. வலப்பக்க 2-ஆம் நரம்பு முழுதாகக் கெட்டிருந்தால், அந்தக் கண்ணில் அடிக்கும்போது இரண்டுமே சுருங்காது. இடக்கண்ணில் அடித்தால் இரண்டும் சுருங்கும். கெட்டது வலப்பக்க 3-ஆம் நரம்பு என்றால், எந்தக் கண்ணில் அடித்தாலும் வலது மட்டும் அசையாது, இடது சுருங்கும். பழுது போகும் வழியிலா, திரும்பும் வழியிலா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த டார்ச்சே. 'இச்சை இல்லை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

இன்னொரு வேடிக்கை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இச்சைப் பாதையில் பழுது வந்தால், முதலில் அடங்கினாலும் நாளடைவில் முழங்கால் முன்னைவிட வேகமாக உதைக்கும். மேலிருந்து பிடித்திருந்த கடிவாளம் போய்விட்டதல்லவா! ஆக, இச்சைக்கு இதில் வேலையே இல்லை என்பதும் முழு உண்மையல்ல.

மறிவினை என்று ஒரு சொல்லும் உண்டு. திரும்புதல் என்ற பொருள் 'மறி'யில் இருக்கிறது, நல்ல சொல்தான். ஆனால் இன்றைக்கு மறி என்றால் சாலை மறியல்தான் நினைவுக்கு வரும்.

கதை எழுதுகிறவர்கள் வேறு, 'அனிச்சையாகச் சட்டைப்பையைத் துழாவினான்' என்கிறார்கள். அது பழக்கதோஷம் ஐயா. மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் சோற்றோடு சேர்த்து மணியடித்துப் பழக்கிய நாய்க்கு, வெறும் மணியடித்ததும் எச்சில் ஊறியது 'நிபந்தனை அனிச்சை'யாம். நாய் என்ன, வாடகை ஒப்பந்தத்திலா கையெழுத்துப் போட்டது? 'பழக்கிய தெறிவினை' என்றால் நாய்க்கும் புரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மருமகள், "தெறின்னா மாஸ் மாமா" என்று சிரித்தாள். சரி, சிரிக்கட்டும், சொல் மறக்காது. ஆனால் பரீட்சையில் அனிச்சை என்றே எழுதச் சொல்லிவிட்டேன். மதிப்பெண் போனால் அக்கா என்னை விடமாட்டாள்.