ஓலை வாசிக்கும்போது சபை கவனிக்க வேண்டியது

ஞாயிறு திருப்பலியில் ஓலை (நடக்கவிருக்கும் திருமணத்தின் அறிவிப்பு) வாசிப்பதைக் கல்யாணச் செய்தி சொல்வதாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சபையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி: இந்த இருவரும் மணமுடிக்கத் தடை ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? மறைவாக நடந்த திருமணங்களை ஒழிக்கவே 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டம்) இதைப் பொது விதியாக்கியது. மூன்று முறை வாசிக்கும் ஒழுங்கை 1563-இல் திரெந்து சங்கம் என்ற மற்றொரு பொதுக்கூட்டம் உறுதிசெய்தது. 1983-ஆம் ஆண்டு கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பு, எப்படி அறிவிப்பது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையிடம் விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் பங்கின் (கோவில் வட்டாரத்தின்) முறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரில்தான் பெரும்பாலும் கோளாறு. ஞானஸ்நானப் பெயரை மட்டும் வாசித்தால், கூப்பிடும் பெயரில் மட்டுமே அந்தப் பையனைத் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்றே புரியாது. அப்படி வாசித்தும் பயனில்லை. இரண்டு பெயர்கள், தாய் தந்தை பெயர், ஊர், பங்கு எல்லாம் ஓலையில் இருக்க வேண்டும். மணமகன் பங்கிலும் மணமகள் பங்கிலும் வாசிக்க வேண்டும். வேலைக்காக வெளியூரில் பல ஆண்டுகள் இருந்தவர் அதையும் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட வேண்டும். முந்தைய திருமணம் ஏதாவது இருந்தால், அதை அறிந்தவர்கள் அந்த ஊரில்தான் இருப்பார்கள். ஞானஸ்நானச் சான்றைப் புதிதாக எடுத்து வரச் சொல்வதும் இதற்காகத்தான்: திருமணம் நடந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய நகலில் அந்தக் குறிப்பு இருக்காது.

அடுத்தது உறவுமுறை. "சொந்தம்தானே" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மாமன் மகளை எண்ணிப் பாருங்கள்: நீங்கள், அம்மா, தாத்தா, மாமன், மாமன் மகள். ஐந்து பேரில் பொது மூதாதையரான தாத்தாவை விட்டால் நான்கு. இதுதான் நான்காம் படி. நான்காம் படி வரை பக்கவழி இரத்த உறவு (ஒரே மூதாதையரிலிருந்து தனித்தனிக் கிளையாக வந்த உறவு) தடைதான், ஆனால் மூன்றாம், நான்காம் படிகளில் ஆயர் விலக்கு (தடையைத் தளர்த்தும் அனுமதி) அளிக்கலாம். அக்காள் மகள் மூன்றாம் படி, இன்னும் நெருக்கம். முதல் ஓலைக்குப் பிறகு யாரோ வந்து இதைச் சொல்ல, பத்திரிகை அடித்த பின் விலக்குக்காக அலைவது தவிர்க்கக்கூடிய வேதனை.

தடை தெரிந்தவர் எழுந்து நின்று சொல்ல வேண்டியதில்லை. திருமணத்துக்கு முன் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ தனியாகத் தெரிவித்தால் போதும். தெரிவிப்பது கடமை என்கிறது அதே சட்டத் தொகுப்பின் சட்ட எண் 1069. முந்தைய துணை உயிரோடிருப்பது, வயது குறைவு, நெருங்கிய இரத்த உறவு, குருப்பட்டம் அல்லது துறவற வாக்குறுதி, பெண்ணையோ பையனையோ மிரட்டிச் சம்மதிக்க வைத்திருப்பது ஆகியவற்றைச் சொல்லுங்கள். குடும்பப் பகையும் பணத் தகராறும் தடையாகாது. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்லுங்கள். விசாரிப்பது பங்குத்தந்தையின் பொறுப்பு.

ஓலை வாசிக்கும் வழக்கம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்துத் திருச்சபையில் (ஆங்கிலிக்கன் சபை) மூன்று ஞாயிறுகள் வாசித்த ஓலை, வாசித்து முடித்ததிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். கல்யாணம் அதற்கு மேல் தள்ளிப்போனால், மூன்றையும் மறுபடி வாசிக்க வேண்டும்.