சுவர் நிறத்தை பீரோவில் தேடுங்கள்

பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் காட்டுவது, போனில் சேமித்து வைத்த படத்தைத்தான். கூடவே, ‘நீலம் பிடித்தவர் அமைதியானவர், சிவப்பு பிடித்தவர் துணிச்சல்காரர்’ என்று சொல்லும் பட்டியல் ஒன்றும் வரும். உள் அலங்காரத் தொழிலில் இருக்கும் நான் அந்தப் பட்டியலை வைத்து யாருக்கும் நிறம் சொல்வதில்லை. ஒரே நீலம் ஒருவருக்குக் கடலையும் இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி வார்டையும் ஞாபகப்படுத்தும்.

நான் பார்க்க விரும்புவது பீரோவை. சொந்தக் காசு கொடுத்து, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வாங்கிய நிறங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு வீட்டம்மா ஹால் முழுக்கச் சாம்பல் நிறம் வேண்டும் என்றார். அவர் பீரோவிலோ அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து. சாம்பல் நிறத்தில் ஒரு புடவைகூட இல்லை. வீட்டுத் தரை பழைய ரெட் ஆக்ஸைடு. சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பல் லேசாகப் பச்சை தட்டித் தெரியும். நம் கண் வேலை செய்யும் விதம் அப்படி. மாதிரிப் பலகையைத் தரையோடு ஒட்டி வைத்ததும் அவரே முகம் சுளித்துவிட்டார். கடைசியில் சுவருக்குச் சந்தனம் கலந்த வெள்ளை, பூஜை மாடத்தின் உள்பக்கம் மட்டும் அரக்கு, திரைச்சீலைக்கு மாம்பழ மஞ்சள் என்று முடிவானது. பளிச்சென்ற நிறம் பிடிக்கும் என்பதற்காக நான்கு சுவரிலும் அதையே அப்ப வேண்டியதில்லை. தினமும் கண் போகிற ஓர் இடத்தில் இருந்தாலே போதும்.

ஷேடு கார்டை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. அதில் இருப்பது இரண்டு விரல் அகலத் துண்டு. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது ஒன்றின் சாயல் இன்னொன்றில் விழுந்து, நினைத்ததைவிட அழுத்தமாகிவிடும். அதனால் மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் 6,500 உள்ள வெள்ளை ட்யூப்லைட். அதன் கீழே சந்தன நிறம் சோகை பிடித்ததுபோல் தெரியும். 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே சுவர் கதகதப்பாக இருக்கும். மேற்குப் பார்த்த ஹாலில் சாயங்கால வெயில் ஏறினால் ஆரஞ்சும் சிவப்பும் கண்ணைக் குத்தும். மாதிரி டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி வெள்ளைப் பலகையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) காய்ந்தால் கொஞ்சம் கருக்கும் என்பதால் ஈரத்தில் முடிவெடுக்காதீர்கள். பழைய சுவரில் நேராக அடித்துப் பார்ப்பதும் சரிவராது, சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணைக் குழப்பும். பலகையை ஒவ்வொரு சுவராக நகர்த்தி, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று பாருங்கள்.

வாஸ்து பார்க்கும் வீடுகளில் சண்டை வேண்டாம். பச்சை என்று சொன்னால் அதற்குள் வாழைக்குருத்து முதல் பாசி வரை எத்தனையோ உண்டு, அதில் உங்களுடையதைத் தேடலாம்.

உங்கள் ரசனை என்று சொல்லும்போது, வீட்டில் இருக்கும் பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். இதை ஒவ்வொரு வீட்டிலும் வற்புறுத்திச் சொல்கிறேன். வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். நீலமும் ஊதாவும் மங்கி, ஒன்றுபோலத் தெரியும். வெள்ளை டைல்ஸ், வெள்ளை டாய்லெட் கோப்பை, வெள்ளைச் சுவர் என்று பாத்ரூமை அமைத்தால் எது எங்கே முடிகிறது என்று அவர்களுக்குப் புரியாது. கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் சுவரையாவது அடர் நிறத்தில் விடுங்கள். படிக்கட்டின் ஓரங்களுக்கும் இதே யோசனைதான்.

பழைய வீடு என்றால் ஜன்னல் கம்பி, கதவில் இருக்கும் எனாமலைச் சும்மா சுரண்டச் சொல்லாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் அதிகமாக இருக்கலாம். தூசி பறக்காதபடி ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நேரம் வீட்டில் இருக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் கம்பெனி பெயர், ஷேடு எண், பளபளப்பில்லாத மேட்டா, லேசாக மின்னும் சாட்டினா என்ற விவரத்தை எழுதி, மிச்சப் பெயின்டை ஒரு சின்ன டப்பாவில் இறுக மூடி வையுங்கள். ஆணி அடித்த ஓட்டையை அடைக்கும் நாளில் ஞாபகத்தில் இருக்கும் நிறத்தைச் சொல்லி வாங்கினால் அது பொருந்தாது.